இருபது டிகிரியில் ஒரு மில்லிமீட்டர்

டீசல் எஞ்சினுக்கு எரிபொருளை அழுத்திக் கொடுக்கும் பம்புக்குள், சுண்டுவிரல் பருமனில் ஓர் எஃகுத் தண்டு எஃகு உறை ஒன்றினுள் ஓயாமல் ஏறி இறங்குகிறது. தண்டின் பெயர் பிளஞ்சர். உறையின் பெயர் பேரல். இரண்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் கிடையாது, வேறு அடைப்பும் கிடையாது. நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் டீசல் பின்னால் ஒழுகிவிடாமல் தடுப்பது, அந்த இரண்டு பரப்புகளுக்கும் இடையே விடப்பட்டிருக்கும் இரண்டு மூன்று மைக்ரான் இடைவெளிதான். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் பருமனே சுமார் 70 மைக்ரான் வரும். இடைவெளி கொஞ்சம் கூடினால் பம்பின் அழுத்தம் விழுந்துவிடும். கொஞ்சம் குறைந்தால் தண்டு உறைக்குள் இறுகி நின்றுவிடும்.

இத்தகைய பம்புகளைச் செய்வதற்காக 1951-ல் தொடங்கப்பட்ட மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, பெங்களூரு ஆடுகோடியில் ஆலை வைத்தது. ஊரார் வாயில் அது ‘மைக்கோ’. அதற்கும் முன்னால், 1940-லேயே, விமானம் கட்ட இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் இங்கே வந்திருந்தது. 1953-ல் உருவான எச்.எம்.டி., சுவிட்சர்லாந்தின் ஓர்லிகான் நிறுவனத்தோடு சேர்ந்து ஜாலஹள்ளியில் லேத் செய்தது. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு கைக்கடிகாரமும் செய்தது. 1962-ல் துமகூரு சாலையில் மத்திய இயந்திரக் கருவிக் கழகம் அமைந்தது. மத்திய உற்பத்தித் தொழில்நுட்பக் கழகம் என்று பின்னால் பெயர் மாறிய அதை, தொழில் வட்டாரம் சி.எம்.டி.ஐ. என்று சுருக்கிச் சொல்லும். 1970-களில் அதே சாலையை ஒட்டிப் பீனியா தொழிற்பேட்டை எழுந்தது. பம்பு, விமானம், லேத், கடிகாரம் என்று செய்த பொருள் வேறு வேறாக இருந்தாலும், நான்கும் நின்றது அளவின் மேல்தான்.

இயந்திரவியலில் அளவு என்பது ஓர் எண்ணோடு முடிவதில்லை. எண்ணும் அலகும் சேர வேண்டும்; எந்த வெப்பத்தில், எந்தக் காற்றழுத்தத்தில், எந்த ஊரில் எடுத்தது என்பது சேர வேண்டும்; எவ்வளவு பிழை இருக்கக்கூடும் என்பதும் சேர வேண்டும். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரு, இதை விளக்கிக் காட்டுவதற்கென்றே அமைந்த ஊர்.

நீளம் அளக்கும் கருவிகள்

பட்டறையில் முதலில் கைக்கு வருவது எஃகு ஸ்கேல். அதில் அரை மில்லிமீட்டருக்குக் கீழே கண்ணால் பிரிக்க முடியாது. அந்த எல்லையைத் தாண்ட ஐரோப்பியரான பியர் வெர்னியர் 1631-ல் ஒரு வழி சொன்னார். 49 மில்லிமீட்டர் நீளத்தை 50 சம பாகமாகப் பிரித்து ஒரு துணை அளவுகோல் செய்தால், அதன் ஒவ்வொரு பாகமும் 0.98 மி.மீ. இருக்கும்; முதன்மைக் கோலின் ஒரு பாகத்தைவிட 0.02 மி.மீ. குறைவு. எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராகப் பொருந்துகிறது என்று பார்த்தால் போதும், 0.02 மி.மீ. வரை படித்துவிடலாம். பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்தது இதுதான்.

பள்ளிக்கூடத்துத் திருகு அளவிக்குப் பட்டறையில் மைக்ரோமீட்டர் என்று பெயர். கையடக்கமான இந்த வடிவத்துக்கு 1848-ல் பிரான்சில் காப்புரிமை பெற்றவர் ஜான் லோரான் பால்மர். திருகு ஒரு சுற்று சுற்றினால் அரை மில்லிமீட்டர் நகரும். உருளையின் விளிம்பில் 50 பிரிவுகள். ஆக ஒரு பிரிவுக்கு 0.01 மி.மீ. நுனியில் ‘கிரிக் கிரிக்’ என்று வழுக்கும் ராட்செட்டுக்கு முக்கியமான வேலை இருக்கிறது. திருகை ஒருவர் இறுக்கித் திருகினால் ஓர் அளவும், இன்னொருவர் லேசாகத் திருகினால் வேறோர் அளவும் வரும். யார் கை பட்டாலும் ஒரே விசையில் தொட வைப்பது ராட்செட்.

மைக்ரோமீட்டர் வெர்னியரைவிட நம்பகமானது என்பதற்கு நுண்ணிய பிரிவுகள் மட்டும் காரணமல்ல. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய எர்ன்ஸ்ட் அப்பே 1890-ல் ஒரு விதி வகுத்தார்: அளக்கப்படும் நீளமும் அளவுகோலும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் பொருளும் திருகும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வெர்னியரிலோ பொருள் தாடைகளுக்கு நடுவிலும், அளவுகோல் அதற்கு மேலேயும் இருக்கின்றன. நகரும் தாடை ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு சாய்ந்தாலும் போதும், கோலிலிருந்து 30 மி.மீ. தள்ளிப் பிடித்த பொருளில் கிட்டத்தட்ட 9 மைக்ரான் பிழை நுழைந்துவிடும். பொருளைத் தாடையின் நுனியில் பிடிக்காதே, கோலுக்குக் கிட்டே வைத்துப் பிடி என்று ஐ.டி.ஐ. மாணவருக்குச் சொல்லித் தருவது அப்பேயின் விதியைத்தான்.

ஒப்பிட்டு அளத்தல்

மைக்ரான் கணக்கு வந்துவிட்டால், நீளத்தை நேரடியாகப் படிப்பதைவிட, தெரிந்த நீளம் ஒன்றோடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் படிப்பது பாதுகாப்பானது. அந்தத் ‘தெரிந்த நீளம்’ ஸ்லிப் கேஜ். ஸ்வீடனில் துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்த கார்ல் எட்வர்ட் யோகான்சன் 1896-ல் இதைக் கண்டுபிடித்தார். கடினப்படுத்திய எஃகுக் கட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு முகங்கள் கண்ணாடி போலத் தேய்க்கப்பட்டிருக்கும். அந்த முகங்களுக்கு இடையே உள்ள தூரமே அதன் அளவு. 102 கட்டைகள் கொண்ட அவருடைய தொகுப்பிலிருந்து 20,000 வெவ்வேறு நீளங்களைச் சேர்த்தெடுக்க முடிந்தது.

இன்றும் மெட்ராலஜி எனப்படும் அளவியல் அறையில் இந்தக் கட்டைகளின் மரப்பெட்டி இருக்கிறது. 41.285 மி.மீ. வேண்டுமென்றால் கடைசி இலக்கத்திலிருந்து தொடங்குவார்கள்: முதலில் 1.005, அடுத்து 1.28, பிறகு 9, பிறகு 30. விரலில் உள்ள ஈரம் துருவாக மாறும் என்பதால் மான்தோல் துணியால் பிடித்துத் துடைப்பார்கள். ஒரு கட்டையை இன்னொன்றின் மேல் குறுக்காக வைத்து, லேசாக அழுத்தி, திருப்பியபடியே நகர்த்துவார்கள். இரண்டும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். பசையும் காந்தமும் இல்லை. மேல் கட்டையைப் பிடித்துத் தூக்கினால் கீழ்க்கட்டையும் கூடவே வரும். பற்றவில்லை என்றால் நடுவே தூசியோ கீறலோ இருக்கிறது என்று பொருள். வேலை முடிந்ததும் பிரித்துத் துடைத்து, எண்ணெய்ப் பசை தடவிப் பெட்டியில் வைப்பது கட்டாயம்.

அடுக்கிய கட்டைகளைச் சர்ஃபேஸ் பிளேட் என்னும் சமதளக் கல்லின் மேல் வைத்து, டயல் கேஜின் முள்ளைச் சுழிக்குக் கொண்டுவருவார்கள். பிறகு கட்டைகளை எடுத்துவிட்டுப் பொருளை வைத்தால், கூடுதலா குறைவா என்று முள் காட்டிவிடும். கர்நாடகத்திலும் தமிழகத்திலும் வெட்டியெடுக்கப்படும் கறுப்புக் கிரானைட் இந்தச் சமதளத்துக்கு ஏற்ற கல். அது துருப்பிடிக்காது, காந்தம் ஏறாது, மோதிய இடத்தில் இரும்பைப் போல மேடு எழும்பாது.

பிளஞ்சர் போன்ற பொருள்களின் உறைத் துளையை அளக்க ஏர் கேஜ் என்னும் காற்று அளவி ஏற்றது. இரு பக்கமும் நுண்துளை கொண்ட ஒரு முளையை உறைக்குள் நுழைத்து, அழுத்தப்பட்ட காற்றைச் செலுத்துவார்கள். துளைக்கும் சுவருக்கும் இடைவெளி குறைந்தால் காற்று வெளியேற வழி குறையும். கூடினால் வழி கூடும். கண்ணாடிக் குழாயில் மிதக்கும் ஒரு சிறு மிதவை அதற்கேற்ப ஏறி இறங்கும். ஒரு மைக்ரான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் மில்லிமீட்டர்களாகப் பெருகி நிற்கும். உலோகம் உலோகத்தைத் தொடாததால் பரப்பில் கீறல் விழாது. வெளியேறும் காற்றே எண்ணெயையும் தூசியையும் ஊதித் தள்ளிவிடும். இப்படி அளந்த உறைகளையும் தண்டுகளையும் அளவு வாரியாகப் பிரித்து, பொருந்தும் ஜோடியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள். ஒருமுறை சேர்ந்த ஜோடியைப் பிறகு மாற்றிப் போடுவதில்லை.

எல்லாத் துளைக்கும் இவ்வளவு தேவையில்லை. 20 மி.மீ. துளைக்கு எச்-7 என்று வரைபடத்தில் குறித்திருந்தால் 20.000 முதல் 20.021 வரை எதுவும் ஏற்கத்தக்கது. ஒரு முனை 20.000, மறுமுனை 20.021 உள்ள பிளக் கேஜ் ஒன்று போதும். ‘கோ’ முனை நுழைய வேண்டும், ‘நோ-கோ’ முனை நுழையக் கூடாது. எண் எதுவும் படிக்காமலே ஒரு நாளில் ஆயிரக்கணக்கான பொருள்களைச் சோதித்துவிடலாம்.

வட்டம், பரப்பு, வடிவம்

விட்டம் சரியாக இருப்பதால் மட்டும் ஒரு தண்டு வட்டமாகிவிடாது. சென்டர்லெஸ் கிரைண்டிங்கில் தேய்க்கப்பட்ட தண்டு சில சமயம் மூன்று புடைப்புகள் கொண்ட வடிவமாக வந்துவிடும். அதை மைக்ரோமீட்டரால் எந்தப் பக்கம் பிடித்து அளந்தாலும் ஒரே விட்டம்தான் காட்டும். ஆனால் வட்டமான துளைக்குள் அது போகாது. அதே தண்டை ‘வி’ வடிவக் கட்டையில் கிடத்தி, மேலே டயல் கேஜை வைத்து உருட்டினால் முள் ஆடத் தொடங்கும். மறைந்திருந்த குறை வெளிப்படும். எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பரப்பின் வழவழப்பையும் எண்ணால் சொல்லலாம். சில மைக்ரான் ஆரமுள்ள வைர நுனி ஒன்று பரப்பின் மேல் சில மில்லிமீட்டர் தூரம் மெதுவாக ஊர்ந்து, மேடுபள்ளங்களை மின்குறிப்பாக மாற்றும். இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் நிறுவனம் 1941-ல் டாலிசர்ஃப் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது இந்த முறை பரவியது. நடுக்கோட்டிலிருந்து மேடுபள்ளங்களின் சராசரி விலகல்தான் வரைபடங்களில் காணும் ‘ஆர்.ஏ.’ மதிப்பு.

வளைவும் சரிவும் துளையும் கலந்த சிக்கலான பொருளுக்கு முப்பரிமாண அளவுப் பொறி உண்டு. பட்டறைப் பேச்சில் அது சி.எம்.எம். மூன்று திசையிலும் நகரும் கையின் நுனியில் ஒரு சிவப்பு மாணிக்கக் குண்டு. அது பொருளைத் தொட்ட கணத்தில் அந்தப் புள்ளியின் இடம் பதிவாகும். தொட்டதும் விலகி வளைந்து கொடுக்கும் இந்த முனையை, 1970-களின் தொடக்கத்தில் கான்கார்ட் விமானத்தின் ஒலிம்பஸ் எஞ்சின் வேலைக்காக டேவிட் மக்மர்ட்ரி கண்டுபிடித்தார். அதிலிருந்தே 1973-ல் ரெனிஷா நிறுவனம் பிறந்தது.

பொருளைச் செய்யும் இயந்திரத்துக்கும் சோதனை உண்டு. சுழலும் ஸ்பிண்டிலில் நேரான ஒரு தண்டைச் செருகி, டயல் கேஜை வைத்து, எவ்வளவு ஆடுகிறது என்று பார்க்கும் முறைகளை ஜெர்மானியப் பேராசிரியர் கேயார்க் ஷ்லெசிங்கர் 1927-ல் தொகுத்தளித்தார். லேத்துகளின் சோதனை அட்டைகள் அந்த மரபில் வந்தவை. இன்று லேசர் ஒளியும் இந்த வேலைக்கு வந்திருக்கிறது. ஹீலியம்–நியான் லேசரின் அலைநீளம் சுமார் 0.633 மைக்ரான். கண்ணாடி ஒன்று அலைநீளத்தில் பாதி நகர்ந்தால் ஒளியும் இருளும் ஒருமுறை மாறி வரும். அந்த மாற்றங்களை எண்ணினால் இயந்திரத்தின் மேசை எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பது தெரிந்துவிடும்.

இருபது டிகிரி

எஃகு ஒரு டிகிரிக்கு, மீட்டர் ஒன்றில் சுமார் 11.5 மைக்ரான் நீளும். 100 மி.மீ. எஃகுத் துண்டு 30 டிகிரியில், 20 டிகிரியில் இருந்ததைவிட 11.5 மைக்ரான் பெரியது. அப்படியானால் ‘100 மி.மீ.’ என்று வரைபடத்தில் எழுதியது எந்த வெப்பநிலையில்? ஆளாளுக்கு ஒரு கணக்கு இருந்த குழப்பம் தீர, 1931-ல் உலக அளவில் 20 டிகிரி செல்சியஸ் என்று முடிவாயிற்று. வரைபடத்தில் வேறு குறிப்பு இல்லாதவரை, எல்லா அளவும் 20 டிகிரிக்கு உரியவை.

பெங்களூருவின் இதமான தட்பவெப்பம் இதற்கு உதவுகிறது என்றாலும் அது மட்டும் போதாது. 24 டிகிரி அறையில்கூட 100 மி.மீ. எஃகில் 4.6 மைக்ரான் கூடிவிடும். பிளஞ்சரின் மொத்த இடைவெளியைவிட அது பெரிது. பொருளும் கருவியும் ஒரே எஃகாக, ஒரே வெப்பத்தில் இருந்தால் இரண்டும் சமமாக நீண்டு பிழை கழிந்துவிடும். விமான வேலையில் அந்த வசதி இல்லை. அலுமினியம் எஃகைப்போல் இரு மடங்கு நீளும். 30 டிகிரியில் ஒரு மீட்டர் நீள அலுமினியப் பாகத்தை எஃகு அளவுகோலால் அளந்தால், சுமார் 115 மைக்ரான் தவறும்.

ஆகவே அளவு அறையில் குளிர்பதனம் இரவும் பகலும் ஓடுகிறது. லேத்திலிருந்து சூடாக வந்த பொருளை உடனே அளப்பதில்லை. கல்மேசை மேல் பல மணி நேரம் கிடக்கவிட்ட பிறகே கருவியை எடுப்பார்கள். உள்ளங்கைச் சூடு ஏறாதபடி மைக்ரோமீட்டரின் வளைவில் பிளாஸ்டிக் தகடு பொருத்தியிருப்பதும் இதற்காகவே.

இந்தப் பாடம் இந்த நிலத்துக்குப் பழையது. நில அளவைக்காக வில்லியம் லாம்டன் 1800-ல் பெங்களூரு அருகிலும், 1802-ல் சென்னைப் பரங்கிமலை அருகிலும் அடிக்கோடு அளந்தார். பரங்கிமலைக் கோடு சுமார் 12 கி.மீ. கருவி, 100 அடி நீள எஃகுச் சங்கிலி. பத்து டிகிரி சூடு ஏறினால் அந்தச் சங்கிலி மூன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிடும் என்பதால், அளக்கும்போதே வெப்பமானியைப் பார்த்துக் குறித்துத் திருத்தம் செய்தார்கள்.

லேசருக்கு வேறொரு சூழல் சிக்கல். ஒளியின் அலைநீளம் அது செல்லும் காற்றின் அடர்த்தியைப் பொறுத்து மாறும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 1,013 ஹெக்டோபாஸ்கல். பெங்களூருவில் சுமார் 910. கருவியில் கடல்மட்ட அழுத்தத்தையே விட்டுவைத்து அளந்தால், மீட்டருக்கு ஏறத்தாழ 27 மைக்ரான் பிழை வரும். லேசர் பெட்டியோடு சேர்ந்து காற்றழுத்தம், வெப்பம், ஈரப்பதம் பார்க்கும் உணரிகளும் வருவது இதனால்தான்.

எடை, அழுத்தம், ஊர்

காய்கறிக் கடையின் தட்டுத் தராசு பொருளை எடைக்கல்லோடு ஒப்பிடுகிறது. எந்த ஊருக்குப் போனாலும் விடை மாறாது. மின்னணுத் தராசோ பூமி இழுக்கும் விசையை அளக்கிறது. இந்த இழுப்பு இடத்துக்கு இடம் மாறும். உலகப் பொது மதிப்பாக வைத்திருப்பது 9.80665, பெங்களூருவில் அது சுமார் 9.78. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதும், உயரத்தில் இருப்பதும் காரணம். பொது மதிப்புக்கு அமைத்த தராசு, பெங்களூருவில் ஒரு கிலோவை 997 கிராமுக்குச் சற்று அதிகமாகக் காட்டும். சென்னையில் சரிபார்த்துப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்த தராசுகூடக் கிலோவுக்குக் கால் கிராம் அளவுக்கு இறங்கிக் காட்டும். நுண்ணிய தராசை, பயன்படுத்தும் இடத்திலேயே எடைக்கல் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்ற விதியின் பொருள் இது.

அழுத்தமானிக்கும் இதே கதை. கம்ப்ரஸரிலும் பாய்லரிலும் காணும் வட்ட முகப்புக்குப் பின்னால், பாதி வளையமாக வளைந்த தட்டையான குழாய் ஒன்று இருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறினால் அந்த வளைவு நிமிரப் பார்க்கும். சிறு பற்சக்கரம் அந்த அசைவை முள்ளுக்கு மாற்றும். பிரான்சின் யூஜேன் பூர்தோன் 1849-ல் தந்த இந்த எளிய கருவி இன்றும் எல்லாப் பட்டறைச் சுவரிலும் இருக்கிறது. இதைச் சரிபார்க்கும் கருவி டெட்வெயிட் டெஸ்டர். தெரிந்த பரப்புள்ள பிஸ்டனின் மேல் தெரிந்த எடைகளை ஏற்றினால், கீழே எண்ணெயில் உண்டாகும் அழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம். அந்தக் கணக்கிலும் ஊரின் ஈர்ப்பு மதிப்பு வருகிறது. பொது மதிப்புக்குச் செய்த எடைகளைத் திருத்தமின்றிப் பெங்களூருவில் வைத்தால், 100 பார் என்று நினைத்தது 99.73 பார்தான்.

இந்த முள் காட்டுவது சுற்றுக் காற்றுக்கு மேல் எவ்வளவு அழுத்தம் என்பதை மட்டுமே. வெற்றிடம் அளக்கும்போது இது முக்கியமாகிறது. கடலோரத்தில் வெற்றிட மானி பாதரச அளவில் 760 மி.மீ. வரை போகலாம். பெங்களூருவில் எவ்வளவு நல்ல பம்பு பூட்டினாலும் சுமார் 685-ஐத் தாண்டாது. பம்பில் குறையில்லை, வெளியே உள்ள காற்றே அவ்வளவுதான்.

வெப்பநிலையும் பாய்வும்

உலையில், எஞ்சினில், உருக்கும் கொப்பரையில் கண்ணாடி வெப்பமானி தாங்காது. அங்கே இரண்டு வேறு உலோகக் கம்பிகளை ஒரு முனையில் இணைத்த வெப்பமின் இரட்டை வேலை செய்கிறது. இணைந்த முனைக்கும் மறுமுனைக்கும் வெப்பம் வேறுபட்டால் சிறு மின்னழுத்தம் பிறக்கும் என்று தாமஸ் சீபெக் 1821-ல் கண்டார். பரவலாகப் பயன்படும் ‘கே’ வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். அது காட்டுவது இரு முனைகளின் வித்தியாசத்தை. கருவி இருக்கும் பக்கம் 28 டிகிரி என்றால், அந்த 28-ஐச் சேர்க்காமல் படித்த விடை 28 டிகிரி குறைவாகவே இருக்கும். இன்னும் துல்லியம் வேண்டிய இடத்தில் பிளாட்டினம் கம்பி வருகிறது. சுழி டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் மின்தடை தருவதால் அதற்குப் பி.டி.-100 என்று பெயர்.

வெப்பமானியைச் சோதிக்க உருகும் பனிக்கட்டியும் கொதிக்கும் நீரும் போதும் என்று பள்ளிப் பாடம் சொல்லும். பனிக்கட்டி எந்த ஊரிலும் சுழிதான். கொதிக்கும் நீர் பெங்களூருவில் சுமார் 97 டிகிரிதான் காட்டும். அதைப் பார்த்துக் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி 100-க்குத் திருப்பி வைத்தால், நல்ல கருவியைக் கெடுத்ததாகிவிடும்.

குழாயில் ஓடும் திரவத்தை அளக்கப் பழைய, நம்பகமான வழி, பாதையை ஓரிடத்தில் குறுக்குவது. குறுகிய இடத்தில் வேகம் கூடும், அழுத்தம் குறையும், இந்த அழுத்த வித்தியாசத்திலிருந்து பாய்வைக் கணக்கிடலாம். வெஞ்சூரிக் குழாயும் ஆரிஃபைஸ் தகடும் இவ்வகை. ஆன்ரி பிட்டோ 1732-ல் செய்த குழாய், ஓட்டத்தை நேருக்கு நேர் எதிர்கொண்டு அந்த இடத்தின் வேகத்தைச் சொல்லும். விமானத்தின் மூக்கிலோ இறக்கையிலோ நீட்டிக்கொண்டிருப்பது அதுவே. பாய்வு மானிகளைச் சோதிப்பதற்கென்றே பாலக்காட்டில் திரவக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது.

விசையும் திரிபும்

பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒரு தெருவின் பெயரே விண்ட் டனல் ரோடு. 1959-ல் தொடங்கப்பட்ட தேசிய விண்வெளி ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கம் அங்கே இருக்கிறது. 1.2 மீட்டர் சோதனைக் கூடம் கொண்ட அந்தச் சுரங்கம் 1967-ல் இயங்கத் தொடங்கியது. ஒலியைவிட மெதுவாகவும், ஒலியின் வேகத்தை ஒட்டியும், ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகவும் காற்றைச் செலுத்த முடியும். தொட்டிகளில் அழுத்திச் சேமித்த காற்று சில வினாடிகள் மட்டும் மாதிரி விமானத்தின் மேல் பாய்கிறது. அந்த வினாடிகளுக்குள் மாதிரியை மேலே தூக்கும் விசை, பின்னால் தள்ளும் விசை, பக்கவாட்டு விசை, மூன்று திசையிலும் திருப்பும் விசைகள் என ஆறையும் அளந்தாக வேண்டும்.

இதைச் செய்வது மாதிரியின் வயிற்றுக்குள் ஒளிந்திருக்கும் ஓர் எஃகுத் தண்டும், அதன் மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜ்களும். மெல்லிய தாளில் வளைத்து வளைத்துப் பதித்த உலோகக் கம்பி, அஞ்சல்தலையைவிடச் சிறியது. எஃகு நீளும்போது கம்பியும் நீண்டு மெலியும். அதன் மின்தடை கூடும். 1938-ல் அமெரிக்காவில் எட்வர்ட் சிம்மன்ஸும் ஆர்தர் ரூகும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். எஃகு பத்தாயிரத்தில் ஒரு பங்கு நீண்டால், 350 ஓம் கம்பியில் கூடுவது 0.07 ஓம். இவ்வளவு சிறிய மாற்றத்தைத் தனியே அளப்பது கடினம் என்பதால், நான்கு கம்பிகளை வீட்ஸ்டன் பாலமாக இணைப்பார்கள். வெப்பத்தால் வரும் மாற்றம் நான்கிலும் சமமாக ஏற்பட்டுத் தானே கழிந்துவிடும். விசையால் வரும் மாற்றம் மட்டும் மிஞ்சும். லாரி எடை மேடையிலும் மளிகைக் கடைத் தராசிலும் உள்ள லோடு செல் இதே தத்துவம்தான்.

போல்ட்டை இறுக்கும் டார்க் ரெஞ்ச் காட்டும் எண்ணைப் புரிந்துகொள்வதில் கவனம் வேண்டும். கொடுக்கும் திருப்பு விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு உராய்வில் போய்விடுகிறது; இறுக்கிப் பிடிக்கும் விசையாவது மீதிதான். புரியில் எண்ணெய் பட்டிருந்தால் அதே எண்ணில் போல்ட் மிகையாக இழுபட்டு அறுந்துபோகலாம்.

சுழலும் தண்டின் வேகத்தை ஒளி மினுக்கியால் பார்க்கலாம். மினுக்கும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றானால் தண்டு அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். மினுக்கல் பாதி வேகத்தில் இருந்தாலும் அப்படியே தெரியும் என்பதால், மெய்யான வேகத்தை மேலிருந்து கீழாகத் தேடுவது வழக்கம். பேரிங் தேய்வதை அதன் மேல் ஒட்டிய அதிர்வு உணரி, சத்தம் காதில் விழுவதற்கு வெகு முன்னாலேயே சொல்லிவிடும்.

ஓர் அளவின் பரம்பரை

பீனியாவில் ஒரு பட்டறையின் மைக்ரோமீட்டர் 10.000 காட்டினால், அதை எதை வைத்து நம்புவது? அந்த மைக்ரோமீட்டரைப் பட்டறையின் ஸ்லிப் கேஜ் சரிபார்க்கிறது. அந்த ஸ்லிப் கேஜை, என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் தன்னிடம் உள்ள உயர்தரக் கட்டையோடு ஒப்பிடுகிறது. அந்தக் கட்டையின் அளவு டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் தேசிய அளவோடு சங்கிலியாக இணைகிறது. இந்தியா 1957-ல் உலக மீட்டர் உடன்படிக்கையில் சேர்ந்தது. அந்த வழியில் வந்த பிளாட்டின–இரிடியக் கிலோகிராம் எண் 57 டெல்லியில் இருக்கிறது. மீட்டர் 1983 முதல், வெற்றிடத்தில் ஒளி ஒரு வினாடியில் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரம். கிலோகிராமும் 2019 மே 20 முதல் உலோகக் கட்டியை விட்டு, பிளாங்க் மாறிலியின் மேல் நிற்கிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் கீழே உள்ள எல்லா எண்ணும் ஆதாரம் இழந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு கருவியின் மேலும் அடுத்த கேலிபரேஷன் தேதி எழுதிய சிறு ஸ்டிக்கர் இருக்கிறது. தேதி தாண்டிய கருவியால் எடுத்த அளவைத் தணிக்கையாளர் ஏற்பதில்லை. தேய்ந்துபோன மைக்ரோமீட்டர் ஐந்து முறையும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். அதில் நுட்பம் இருக்கிறது, துல்லியம் இல்லை. சுழிப்பிழை ஐந்து முறையும் ஒரே அளவாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதே கேலிபரேஷனின் வேலை.

கண்டுபிடித்த பிழையைத் திருத்திய பிறகும் ஏதோ கொஞ்சம் சந்தேகம் எஞ்சும். கருவியின் தெளிவு, அளப்பவர் கை, அறை வெப்பம், மேலே உள்ள கட்டையின் சொந்தச் சந்தேகம் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கிட்டு, சான்றிதழில் நிச்சயமின்மை என்று எழுதுவார்கள். உறைத்துளை 9.0024 மி.மீ., நிச்சயமின்மை 0.0004 மி.மீ. என்று ஒரு சான்றிதழ் சொன்னால், மெய்யான அளவு 9.0020-க்கும் 9.0028-க்கும் நடுவே எங்கோ இருக்கிறது என்பது பொருள். வரைபடத்தின் மேல் எல்லை 9.0026 என்றால், எண்ணை மட்டும் பார்ப்பவர் அந்த உறையை அனுப்பிவிடுவார். நிச்சயமின்மையையும் சேர்த்துப் பார்ப்பவர் அதைத் தனியே எடுத்து வைத்து, இன்னும் நுண்ணிய கருவியால் மறுபடி அளப்பார். அனுமதித்த வரம்பில் பத்தில் ஒரு பங்கையாவது பிரித்துக் காட்டும் கருவியைத் தேர்ந்தெடு என்று பட்டறைகளில் சொல்லும் விதி, இந்தச் சந்தேக நிலையைக் குறைப்பதற்காகவே ஏற்பட்டது.